சட்டமன்றத்திலிருந்து நீதிமன்றத்திற்கு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடைகளில் மூவேந்தர் பெருமையையும் புலவர் பெருமக்களின் புகழையும் கேட்டு மகிழ்வது நம் வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, நம் மட்டாஞ்சேரிப் படகுத் துறைக்கு எதிர்க்கரையில், எர்ணாகுளத்தில், நம் காலத்திலேயே வாழ்ந்து மறைந்த ஒருவரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அவர்தாம் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர். நாம் சட்டம் பயின்றவர் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பு முடிந்து, இரயில்வேயில் எழுத்தர் வேலைக்கு வந்து சேர்ந்தோம். ஆகவே சட்ட நுணுக்கங்களை எம்மிடம் எதிர்பார்க்க வேண்டா. ஒரே ஒரு கேள்வியை முன் வைத்து, அவர் வாழ்க்கையைக் கொண்டு அதற்கு விடை காண முயல்வோம்.

கேள்வி இதுதான். தேர்தலில் நின்று, வாக்குக் கேட்டு, சட்டமன்றத்தில் ஒரு பக்கம் சேர்ந்து அமர்ந்து, அமைச்சர் பதவியும் வகித்த ஒருவர், பின்னர் நீதிபதியின் இருக்கையில் அமர்ந்தால் நடுவு நிலைமை தவறாதிருக்க இயலுமா? நடுவு நிலைமைக்கென்று தனி அதிகாரமே வகுத்துத் தந்த வள்ளுவர் வழி வந்த நாம், இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது.

கிருஷ்ணய்யர் 1915ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்தில் பிறந்தார். பல தலைமுறைகட்கு முன்னர்த் தமிழகத்தினின்று மலை கடந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. பிழைப்புக்காக நாடு விட்டு வந்தவர் நாம் மட்டும் அல்லோம் என்பதற்கு அவர் குலமே சான்று. தந்தையார் வழக்கறிஞர். கொயிலாண்டியில் பள்ளிக் கல்வி, பாலக்காடு விக்டோரியா கல்லூரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னைச் சட்டக் கல்லூரி எனப் படிப்படியாகக் கற்றுத் தேர்ந்து, 1930களின் இறுதியில் தலைச்சேரியில் வழக்காடத் தொடங்கினார். உழவர்க்கும் தொழிலாளர்க்கும் துணை நின்று வாதாடினார். அதன் பயனாக 1948இல், பொதுவுடைமைக் கட்சியினர்க்குச் சட்ட உதவி புரிந்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில் ஏறத்தாழ ஒரு திங்கள் சிறையிலும் இருந்தார். இச்சிறைவாசத்தை நினைவிற் கொள்ளுங்கள். பின்னர் அதனிடம் திரும்பி வருவோம்.

1952ஆம் ஆண்டில் நடைபெற்ற முதல் பொதுத் தேர்தலின்போது மலபார், சென்னை மாநிலத்தின் ஒரு மாவட்டம். அத்தேர்தலில் கூத்துபறம்புத் தொகுதியிலிருந்து சுயேச்சையாகத் தேர்ந்தெடுக்கப்பெற்று, கிருஷ்ணய்யர் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். முதலில் இராஜாஜியும், 1954 முதல் காமராசரும் முதலமைச்சராக இருந்த மன்றம் அது. அவர் அங்கே உறுப்பினராக இருந்த காலத்தில்தான், இங்கே நம் மட்டாஞ்சேரியில், 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், துறைமுகத் தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்ப்பலி நேர்ந்தது. 'சாப்பா' என்னும் உலோக வில்லைகளைக் கங்காணி கூட்டத்தின் நடுவே வீசி எறிவான். அடித்துப் பிடித்து அதனை எடுத்தவனுக்கே அன்றைக்கு வேலை. அக்கொடிய முறையை எதிர்த்தே தொழிலாளர் திரண்டனர். உழைப்பவன் சட்டத்தின் முன் எவ்வளவு சிறியவனாக நின்றான் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டா.

1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் தோன்றியது. மறு ஆண்டுத் தேர்தலில் தலைச்சேரியிலிருந்து, பொதுவுடைமைக் கட்சியின் ஆதரவு பெற்ற சுயேச்சையாக வென்ற கிருஷ்ணய்யர், 1957 ஏப்ரல் 5ஆம் நாள் பதவியேற்ற இ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு அமைச்சரவையில் சேர்ந்தார். சட்டம், சிறை, மின்சாரம், நீர்ப்பாசனம் முதலிய துறைகள் அவர் கையில் இருந்தன. நிலத்தினின்று குடியானவரை வெளியேற்றுவதைத் தடுத்து நிறுத்தும் அவசரச் சட்டம், அவ்வரசு பதவியேற்ற ஒரு வாரத்துக்குள்ளாகவே பிறந்தது. 1959 ஜூலை 31ஆம் நாள் அந்த அமைச்சரவையை மத்திய அரசு நீக்கியது. கிருஷ்ணய்யர் மீண்டும் வழக்கறிஞர் உடை அணிந்தார். 1965ஆம் ஆண்டுத் தேர்தலில் நின்று தோல்வியும் கண்டார். வாக்காளர் வாசலில் நிற்பதும், வெல்வதும், தோற்பதும், பதவி இழப்பதும் இன்னவை என்று அவர் ஏட்டில் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தார்.

1968 ஜூலை 2ஆம் நாள் அவர் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். அந்நாளில் உயர் நீதிமன்றம் எர்ணாகுளத்தில் இராம்மோகன் அரண்மனையில் இருந்தது. 1971இல் சட்ட ஆணையத்தின் உறுப்பினராகத் தில்லி சென்றார். 1973 ஜூலை 17ஆம் நாள் உச்ச நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பெற்றார்.

இங்கேதான் நம் கேள்வி கூர்மை பெறுகிறது. அதற்குச் சில திங்கள் முன்னர்தான், மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி ஏ. என். ராய் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். அம்மூவரும் பதவி துறந்தனர். ஆள்வோரின் கொள்கைக்கு இசைவாரைத் தேடி நீதிமன்றத்தை நிரப்புகிறார்கள் என்ற அச்சம் நாடெங்கும் நிலவிய வேளை அது. முன்னாள் அமைச்சர் ஒருவர் அவ்வேளையில் வந்து அமர்ந்தால் ஐயம் எழாமலிருக்குமா? சோலி சொராப்ஜி உள்ளிட்ட பம்பாய் வழக்கறிஞர் சிலர் வெளிப்படையாக எதிர்த்தனர். அவர்களைக் குறை கூற நாம் ஒருப்படோம். பதவி துறந்த மூவருள் ஒருவரான கே. எஸ். ஹெக்டேயும் 1952 முதல் 1957 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தவரே என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும். எனவே அரசியலிலிருந்து வந்தவர் என்ற ஒன்றைக் கொண்டு ஒருவரை நல்லவர் என்றோ தீயவர் என்றோ முடிவு கட்ட இயலாது. செயலைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

அளக்கும் நாளும் வந்தது. 1975 ஜூன் 12ஆம் நாள், பிரதமர் இந்திரா காந்தி மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது உச்ச நீதிமன்றத்திற்குக் கோடை விடுமுறை. விடுமுறைக்கால நீதிபதி கிருஷ்ணய்யர். மத்திய சட்ட அமைச்சர் எச். ஆர். கோகலே தொலைபேசியில் அழைத்து, நேரில் காண விரும்புவதாகத் தெரிவித்தார். மேல்முறையீடு என்றால் பதிவாளரிடம் தாக்கல் செய்தால் போதும். தம்மைக் காண வேண்டியதில்லை என்று மறுத்துவிட்டதாகக் கிருஷ்ணய்யரே பின்னாளில் கூறியிருக்கிறார். எந்த அரசு தம்மை அப்பதவியில் அமர்த்தியதோ, அந்த அரசின் அமைச்சரிடம் கூறிய விடை இது!

பிரதமர் பக்கம் நானி பல்கிவாலா, எதிர்ப்பக்கம் சாந்தி பூஷண் என இரு பெரும் வழக்கறிஞர் வாதாடினர். ஜூன் 24ஆம் நாள் ஆணை பிறந்தது. முழுத் தடையும் இல்லை, மறுப்பும் இல்லை. மேல்முறையீடு முடியும்வரை பிரதமராகத் தொடரலாம். அவையில் அமரலாம், பேசலாம். ஆனால் மக்களவை உறுப்பினர் என்ற முறையில் வாக்களிக்கக் கூடாது, ஊதியமும் பெறக் கூடாது என்பது அவ்வாணை. ஆளுங்கட்சியும் மகிழவில்லை, எதிர்க்கட்சிகளும் நிறைவடையவில்லை. மறுநாள் இரவே நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அவ்வாணை சரியா தவறா என்று கற்றோர் இன்றும் வாதிடுவர். ஆயினும் அதை எழுதியவர் எவர் முகத்தையும் பார்த்து எழுதவில்லை என்பதை எவரும் மறுத்திலர். அன்று அவர் நியமனத்தை எதிர்த்த சொராப்ஜி, தாம் எதிர்த்தது தவறு என்று பின்னாளில் பலரறிய ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டவர்க்கும் அது பெருமையே.

பெரியோர்களே! சட்டமன்ற வாழ்வு அவர் நடுவு நிலைமையைக் கெடுக்கவில்லை என்பதோடு நாம் நிற்க மாட்டோம். அவ்வாழ்வு அவர் நீதிக்கு உரமாயிற்று என்பதே எமது கருத்து. முன்பு நினைவிற் கொள்ளச் சொன்ன சிறைக்கு வருவோம். 1948இல் அவர் சிறையில் இருந்தார். 1957இல் சிறைத்துறை அமைச்சராக இருந்தார். 1979இல், தில்லித் திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா என்னும் கைதி, உடனிருந்த மற்றொரு கைதியைக் காவலர் வதைத்த கொடுமையைக் கடிதமாக எழுதி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு அனுப்பினார். அக்கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்று நீதிமன்றம் விசாரித்தது. சிறைச் சுவருக்குள் நுழைந்ததனால் ஒருவன் மனிதனாக இருப்பது நின்றுவிடாது என்று கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். 1980இல் இன்னொரு கைதியின் தந்தி வழக்காயிற்று. விசாரணைக் கைதிகளுக்கு வழக்கம்போல் விலங்கு பூட்டி இழுத்துச் செல்வது கூடாது என்ற தீர்ப்பு அதிலிருந்து பிறந்தது. முத்திரைத்தாள் இல்லை, வழக்கறிஞர் கட்டணம் இல்லை. ஒரு கடிதமும் ஒரு தந்தியும் நாட்டின் தலைமை நீதிமன்றத்தின் கதவைத் திறந்தன.

நம் ஊர்த் தொடர்புடைய வழக்கும் உண்டு. 1985இல் பாரத ஸ்டேட் வங்கியோடு இணைக்கப்பட்ட கொச்சி வங்கியை நம்மில் மூத்தோர் அறிவர். அவ்வங்கிக்குத் தரவேண்டிய கடனைத் தீர்க்காதவர்களைச் சிவில் சிறையில் அடைக்கப் பிடியாணை பிறந்த வழக்கு 1980இல் உச்ச நீதிமன்றம் சென்றது. கையில் பொருள் இருந்தும் கொடாமல் ஏய்ப்பவன் வேறு. இல்லாமையால் கொடுக்க இயலாதவன் வேறு. வறுமை குற்றமன்று, வறியவனைக் கடனுக்காகச் சிறையிலிடல் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவுக்கு ஒவ்வாது என்று கிருஷ்ணய்யர் விளக்கி, வழக்கை மறு விசாரணைக்கு அனுப்பினார். அதே ஆண்டில் இரத்லம் நகராட்சி வழக்கில், சாக்கடை சீர் செய்யப் பணமில்லை என்று நகராட்சி சொன்ன சாக்கை ஏற்க மறுத்தார். கால்வாய் ஓரம் குடியிருந்து கொசுக்கடி பட்டோர் இத்தீர்ப்பின் அருமையை அறிவர். இரயில்வே பதவி உயர்வில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் உள்ள இட ஒதுக்கீடு செல்லும் என்ற தீர்ப்பும் அவர் ஓய்வு பெற்ற 1980ஆம் ஆண்டினதே. அதனை ஏற்போரும் ஏலாதோரும் எம் அலுவலகத்தில் இன்றும் உளர்.

இனி, இவை யாவற்றினும் நமக்கு நெருங்கிய ஒரு வழக்கைச் சொல்லி, எம் நெஞ்சில் நெடுநாளாக உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம்.

1978இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதிராம் என்னும் ஏழைக் கொத்தனாரின் வழக்கு வந்தது. உச்ச நீதிமன்றமே அவரை ஜாமீனில் விடச் சொல்லியிருந்தது. கீழ் நீதிமன்றமோ 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டுமென்றது. அவருடைய உடன்பிறந்தார் முன்வந்தார். அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று கூறி ஏற்க மறுத்தது. கிருஷ்ணய்யர் அதனைக் கண்டித்து, 1,000 ரூபாய்க்குச் சொந்த உறுதிப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவிக்க ஆணையிட்டார். அத்தீர்ப்பில் அவர் ஒரு வினா எழுப்பினார். மலையாளியோ கன்னடியரோ தமிழரோ தெலுங்கரோ, தம் ஊரைவிட்டு நெடுந்தொலைவில் பிடிபட்டால், அவ்விடத்தில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்பதே அவ்வினாவின் கருத்து. அயலூரில் வாழும் தமிழனின் நிலையை அன்றே அவர் எண்ணிப் பார்த்தார். நாம் எண்ணிப் பார்த்தோமா?

சில ஆண்டுகளுக்கு முன்பு, கிட்டங்கி ஒன்றில் மூட்டை சுமக்க வந்த தென்பாண்டி நாட்டு இளைஞன் ஒருவன், சரக்குத் திருடினான் என்ற பழியின்பேரில் பிடிபட்டான். ஜாமீன் கிடைத்தது. ஆனால் நிலவரி ரசீதோ சம்பளச் சான்றோ காட்டக்கூடிய இருவர் வேண்டியிருந்தது. அவன் தாய் ஊரிலிருந்து வந்து, நம் குடியிருப்பில் தமிழ் பேசும் வீடுகளைத் தேடித் தேடிப் படியேறினாள். "நீங்களெல்லாம் நம்ம ஊர்க்காரங்க ஐயா, ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றாள். காபி கொடுத்தோம், பேருந்துச் செலவுக்குப் பணமும் கொடுத்தோம். கையெழுத்து மட்டும் கொடுக்கவில்லை. அரசாங்க வேலை, பிள்ளைகள் படிப்பு, நமக்கேன் வம்பு என்று ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னோம். சொன்னவர்களுள் நாமும் இருந்தோம். இன்னும் பத்தொன்பது நாள் அவன் உள்ளே கிடந்தான். முடிவில் கையெழுத்திட்டவர்கள், கிட்டங்கிக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருந்த ஒரு மலையாளியும் அவர் மைத்துனரும். வழக்கில் குற்றம் மெய்ப்பிக்கப்படாமல் அவன் விடுதலையானான். விடுதலையானது பற்றி நமக்கு மகிழ்ச்சி. ஆனால் குற்றவாளி என்றே முடிந்திருந்தாலும், அப்பத்தொன்பது நாளுக்கு நாம் விடை சொல்லியே ஆகவேண்டும்.

நம்முள் பலர் கிருஷ்ணய்யரை 'நம் தமிழர்' என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அவரோ தாம் செய்த நீதியை மொழி கேட்டுச் செய்யவில்லை. அந்தத் தேநீர்க் கடைக்காரரும் மொழி கேட்கவில்லை. பெருமை கொண்டாடுவதற்கு முன் நாம் தகுதி தேட வேண்டாவா?

வழி இல்லாமலும் இல்லை. அவ்வழியிலும் கிருஷ்ணய்யரின் கைவண்ணம் உண்டு. 1973இல் அவர் தலைமையில் அமைந்த குழு இலவசச் சட்ட உதவி பற்றி அறிக்கை அளித்தது. 1976இல் அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியே 39அ பிரிவு சேர்க்கப்பட்டது. 1987இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோர்க்கும், குறிப்பிட்ட வரம்புக்கு உட்பட்ட வருவாயுடையோர்க்கும் கட்டணமின்றி வழக்கறிஞர் கிடைப்பார். வட்ட அளவிலும் குழுக்கள் உள்ளன. ஜாமீனில் விடத்தக்க குற்றமாயின், ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் காட்ட இயலாதவரை ஏழை எனக் கருதி, சொந்த உறுதிப்பத்திரத்தின்பேரிலேயே விடவேண்டும் என்ற விதி 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. அந்தத் தாய் படியேறிய நாளில் இவற்றுள் ஒன்றையேனும் அவளுக்கு எடுத்துச் சொல்ல நம்மில் ஒருவர்க்கும் தெரியவில்லை.

ஆகவே இச்சபையின் முன் ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு முதல் நம் சங்கத்தில் ஐவர் கொண்ட ஒரு துணைக்குழு அமையட்டும். சட்ட உதவி அலுவலகத்துக்கு வழிகாட்டவும், மலையாளத்தில் மனு எழுதித் தரவும், வேண்டுமிடத்து ஜாமீன் கையெழுத்திடவும் அக்குழு முன்வரட்டும். விழாவுக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கு அதற்குப் போதும். அப்பட்டியலில் முதல் பெயராக எமது பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். காலந்தாழ்ந்த கையெழுத்துத்தான், ஆயினும் இடுகிறோம்.

கிருஷ்ணய்யர் குறையே இல்லாதவர் என்று நாம் கூற வரவில்லை. அவருடைய ஆங்கிலம் வழக்கறிஞர்களையே அகராதி தேட வைத்தது என்பர். தூக்குத் தண்டனையைக் குறுக்கி 1979இல் அவர் எழுதிய தீர்ப்பின் வாதத்தை, மறு ஆண்டே பெரிய அமர்வு ஏற்கவில்லை. 1987இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஆர். வெங்கட்ராமனை எதிர்த்து நின்று தோற்றார். ஓய்வு பெற்ற நீதிபதி மீண்டும் தேர்தலில் நிற்கலாமா என்று கேட்போர்க்கு இடமுண்டு. ஆனால் 1980 நவம்பர் 14ஆம் நாள் பதவியினின்று ஓய்வு பெற்றபின், எர்ணாகுளம் மகாத்மா காந்தி சாலையில் 'சத்கமய' என்னும் அவர் இல்லத்து வாயில், குறையோடு வந்தவர்க்கெல்லாம் திறந்தே இருந்தது. 1999இல் பத்ம விபூஷண் விருது வந்தது. 2014 டிசம்பர் 4ஆம் நாள், தொண்ணூற்றொன்பது வயது நிறைந்து சில நாட்களில், இதே கொச்சியில் மறைந்தார்.

நாம் எழுப்பிய கேள்விக்கு விடை இதுவே: ஒருவர் எங்கிருந்து நீதியிருக்கைக்கு வந்தார் என்பது பெரிதன்று. வந்தபின், தம்மை அமர்த்தியவர் முன் தலை வணங்காமலும், தாம் முன்பு கண்ட எளியோரை மறவாமலும் இருந்தாரா என்பதே பெரிது. அவர் இரண்டிலும் நின்றார். நீதிபதியின் இருக்கை நம்மில் எவர்க்கும் கிட்டப்போவதில்லை. ஆனால் கதவைத் தட்டி ஒருத்தி கையெழுத்துக் கேட்கும் நாளில், அந்த அரை நாழிகைக்கு நாமும் நீதிபதிகளே.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!